முதுகைக் காட்டி அமர்ந்திருந்த இயக்குநர்

அனுப்புநர்
வில்மா நபனங்கா,
இயக்குநர், வாலிங்கா நிலமக்கள் சங்கம்.
நிலையான முகவரி: வாலிங்கா, ஓடைக்குக் கிழக்கே மூன்றாம் வீடு.
தற்காலிக முகவரி (நான்கு ஆண்டுகள் ஐந்து மாதங்களாக): வீடு எண் 9, வடக்கு முகாம், நகரம்.

பெறுநர்
பதிவாளர் அவர்கள்,
ஆதிகுடி மக்கள் சங்கங்களின் பதிவகம்.

பொருள்: ஆகஸ்ட் 14 அன்று வாலிங்காவில் நடந்த இயக்குநர் கூட்டத்துக்கு நான் வந்திருந்தும் ‘வரவில்லை’ எனப் பதிவானது – திருத்தக் கோருதல் – அக்கூட்டத்தின் தீர்மானத்தை ஏற்று நீர்த்துறைக்குத் தெரிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலர் திரு. ஃபென்விக் அவர்களின் பார்வையாளர் அறிக்கை.
2. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் ஆகஸ்ட் 29.
3. எங்கள் சங்க விதிப்புத்தகம், பக்கம் 11.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகத்துக்கு இதுவரை நான் எழுதியவை எல்லாம் சங்கத்தின் பெயரால் எழுதியவை. இதை மட்டும் என் பெயரால் எழுதுகிறேன். சங்கத்தின் பெயரால் எழுத வேண்டுமானால் இயக்குநர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். நாங்கள் கூடினால் கூடியதாகக் கணக்கில் வருமா என்பதே இப்போது சந்தேகமாகிவிட்டது.

1. நான் வாலிங்காவின் ஒற்றையறைச் சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள். படிவங்கள் எனக்குப் புதியவை அல்ல. ஒரு கட்டத்தில் போட வேண்டிய குறியை அடுத்த கட்டத்தில் போட்டுவிட்டால், ஒருவருடைய மாத்திரை இன்னொருவர் வயிற்றுக்குப் போய்விடும் என்பதைக் கண்ணால் பார்த்தவள். ஆகவே, தங்கள் அலுவலர் என் பெயருக்கு எதிரே தவறான கட்டத்தில் குறியிட்டுவிட்டார் என்பதைக் கோபமில்லாமலேயே சொல்கிறேன். கோபம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அது ஐந்தாம் பத்தியில் வரும்.

2. இந்த மனுவில் இருவருடைய பெயரை நான் எழுதவில்லை. மறதி என்றோ மரியாதைக் குறைவு என்றோ தாங்கள் எண்ணிவிடக் கூடாது.

முதலாமவர் எங்கள் சங்கத் தலைவர். அவர் என் மகள் ரோஸ்லினின் கணவர், எனக்கு மருமகன். மருமகன் பெயரை நான் சொல்வதில்லை. அவர் முகத்தை நான் பார்ப்பதில்லை, அவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் காதுபட நான் பேசுவதில்லை. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மரநிழலில் நாங்கள் உட்காருவதில்லை. இது மனஸ்தாபம் அல்ல. எங்கள் மக்களிடம் ஒருவருக்கொருவர் தரக்கூடிய மரியாதைகளில் இதைவிடப் பெரியது கிடையாது. பதினோரு ஆண்டுகளாக அவர் என் மகளை நன்றாக வைத்திருக்கிறார், வேட்டை கிடைத்த நாளெல்லாம் கங்காரு வாலை முதலில் என் அடுப்புக்குத்தான் அனுப்பியிருக்கிறார். அவர் தாடி வைத்திருக்கிறாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டாமவர் எங்கள் மூத்த இயக்குநர். அவர் ஆகஸ்ட் 26 அன்று காலமாகிவிட்டார். இறந்தவர் பெயரை நாங்கள் சொல்வதும் இல்லை, எழுதுவதும் இல்லை. அவர் பெயர் தங்கள் கோப்பில் இருக்கிறது. இந்த மனுவில் அவரைப் ‘பெரியவர்’ என்று குறிப்பிடுகிறேன். அவர் எனக்கு மாமன் மகன் முறை, கேலி பேசலாம். நாற்பது ஆண்டுகளாக அவர் அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

3. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

வாலிங்காவின் ஆழ்துளைக் கிணறு முதலில் உப்பானது, பிறகு உள்ளே இடிந்தது. நகரத்திலிருந்து வந்த நீர்த்துறைப் பொறியாளர், “ரெண்டு வாரம் நகரத்துல இருங்க, சரி பண்ணிட்டுக் கூப்பிடுறோம்” என்றார். நாங்கள் நாற்பத்தொரு பேர் இரண்டு வாரத்துக்கான துணிமணியோடு கிளம்பினோம். நான் அடுப்பின் மேல் கெட்டிலை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

இந்த ஆண்டு மார்ச் மாதம் நீர்த்துறையிலிருந்து கடிதம் வந்தது. துளையிடும் இயந்திரம் அக்டோபரில் எங்கள் பக்கமாக வருகிறது. சங்க இயக்குநர்கள் முறையாகத் தீர்மானம் நிறைவேற்றி, செப்டம்பர் 30க்குள் பதிவகத்தின் ஒப்புதலோடு அனுப்பினால் வாலிங்காவில் புதிய கிணறு தோண்டித் தரப்படும். இல்லையேல் இயந்திரம் வடக்கே போய்விடும், திரும்ப மூன்று ஆண்டுகள் ஆகும். இதோடு இன்னொரு விதியையும் அக்கடிதம் நினைவூட்டியது. ஐந்து ஆண்டுகள் ஆள் குடியிருக்காத ஊர், ஊர்ப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். எங்களுக்கு அந்த ஐந்து ஆண்டு வரும் ஏப்ரலில் நிறைவடைகிறது.

ஆகையால் ஐயா, ஆகஸ்ட் 14 அன்று நாங்கள் கூடியது கிணற்றுக்காக மட்டும் அல்ல. வாலிங்கா என்று ஓர் ஊர் இருக்கிறதா இல்லையா என்பதற்காக.

4. கூட்டத்தை நகரத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று தங்கள் அலுவலகம் முன்னரே கேட்டிருந்தது. நிலத்தைப் பற்றிய முடிவை நிலத்தில் உட்கார்ந்துதான் எடுப்போம். இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் மண் பாதையில், தண்ணீரையும் டீசலையும் பீப்பாயில் ஏற்றிக்கொண்டு போனோம். சென்ற ஆண்டு ஓர் இறுதிச் சடங்கினால் எங்கள் பொதுக்கூட்டம் தள்ளிப்போனதால், கண்காணிப்பதற்காகத் திரு. ஃபென்விக் அவர்களைத் தாங்கள் அனுப்பியிருந்தீர்கள். நல்ல மனிதர். எல்லோருக்குமாக இரண்டு மூட்டை ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். அதில் எனக்கும் நான்கு பழம் வந்தது. வராதவளுக்குப் பழம் எப்படி வந்தது என்பதைத் தங்கள் விசாரணைக்கே விட்டுவிடுகிறேன்.

எங்கள் இயக்குநர்கள் ஏழு பேர். குறைந்தது ஐந்து பேர் இருந்தால் கூட்டம் செல்லும். அன்று இருவர் உறவினர் சாவுக்காகத் தெற்கே போயிருந்தனர். மீதி ஐந்து பேர் இருந்தோம். தலைவரும், பெரியவரின் மனைவியும், ஸ்டான்லி ஜங்கலாவும் பழைய சுகாதார நிலையத்துக்கு எதிரே உள்ள பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில் இருந்தனர். பெரியவர் நகர மருத்துவமனையில் டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தபடி, திரு. ஃபென்விக் அவர்களின் செயற்கைக்கோள் போனில் இருந்தார். ஐந்தாவது ஆள் நான். மரத்திலிருந்து இருபது அடி தள்ளி, என் தம்பியின் வண்டியில், கண்ணாடியை இறக்கிவிட்டு, மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். என் மருமகன் தலைவரான நாளிலிருந்து எல்லாக் கூட்டங்களிலும் நான் இப்படித்தான் கலந்துகொள்கிறேன். நடுவில் ரோஸ்லின் நடப்பாள். அந்தப் பக்கத்துப் பேச்சை என்னிடம் கொண்டுவருவாள், என் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோவாள். தன்னுடைய இரண்டு வார்த்தையையும் சேர்த்துக்கொள்வாள். எது என்னுடையது எது அவளுடையது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

திரு. ஃபென்விக் வருகைப் பதிவை வாசித்த நேரத்தில் ரோஸ்லின் தேநீருக்குத் தண்ணீர் பிடிக்கப் பீப்பாய்ப் பக்கம் போயிருந்தாள். “வில்மா நபனங்கா? வில்மா வந்திருக்காங்களா?” என்று அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் குரல் கொடுக்க முடியாது, தலைவர் காதில் விழும். தலைவர் என் பெயருக்குப் பதில் சொல்ல முடியாது, தரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். ஸ்டான்லியும் பெரியவரின் மனைவியும் ஏன் சொல்லவில்லை என்று தாங்கள் கேட்கலாம். எங்களிடம் ஒருவருக்காக இன்னொருவர் வாய் திறப்பது கிடையாது, அதுவும் அந்த ஆளே இருபது அடியில் இருக்கும்போது. சங்கத்தை நடத்துவதில் எங்களுக்குள்ள முதல் விதியே அதுதான். விதிப்புத்தகத்தில் அது இல்லை, அதற்கு முன்பிருந்தே இருக்கிறது.

எனவே எல்லோரும் ரோஸ்லின் வரட்டும் என்று சும்மா இருந்தார்கள். போனில் இருந்த பெரியவருக்கு மட்டும் பொறுக்கவில்லை. “என்னப்பா, எல்லாரும் செத்துட்டீங்களா, இல்ல லைன் கட்டாயிடுச்சா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் திரு. ஃபென்விக் குறியைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அது எங்கள் தவறும்தான். ரோஸ்லின் வந்ததும் திருத்தச் சொல்லியிருக்க வேண்டும். இருபது அடியில் இருக்கும் ஒரு பெண்மணியை ஒருவர் வரவில்லை என்று எழுதுவார் என எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

5. அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், “அருகில் நின்ற வாகனத்தில் ஒரு மூதாட்டி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்” என்று உள்ளது. ஐயா, எனக்கு ஐம்பத்தெட்டு வயது. நான் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கவில்லை. இரண்டு மணி நேரம் பின் கழுத்தில் வெயில் அடிக்க, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அதே பக்கத்தில், “தலைவரின் மனைவி கூட்டத்தில் பதினான்கு முறை குறுக்கிட்டார்” என்றும் உள்ளது. அந்தப் பதினான்கும் நான் பேசியவை. எண்ணிக் கொடுத்ததற்குத் திரு. ஃபென்விக் அவர்களுக்கு நன்றி.

அவற்றில் ஒன்றை மட்டும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன். நீர்த்துறையின் வரைபடத்தில் புதிய கிணறு பழைய இடத்துக்கு அருகிலேயே குறிக்கப்பட்டிருந்தது. ரோஸ்லின் என்னிடம் வந்து, “அம்மா, பழைய எடத்துலயே தோண்டலாமான்னு கேக்குறாங்க. அவரு சரின்னு சொல்லிடுவாரு போல இருக்கு” என்றாள்.

“அங்க உப்பு. அஞ்சு வருஷத்துல திரும்பவும் மூட்டை கட்டணும். ஓடைக்கு மேக்க தோண்டச் சொல்லு. எங்கப்பா மணல்ல ஊத்துத் தோண்டுன எடம். பஞ்சத்துலயும் அங்க குருவி வந்து குடிச்சது” என்று சொல்லி அனுப்பினேன்.

ரோஸ்லின் அதை மரத்தடியில் போய்ச் சொன்னாள். பிறகு போனிலிருந்து பெரியவரின் குரல் வந்தது: “அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கே ஒண்ணு, முன்னால பாக்குற நமக்கெல்லாம் தெரியாதது அதுக்குத் தெரியும். மேக்கவே போடு. எழுது தம்பி, எழுது!”

தீர்மானத்தின் இரண்டாம் வரியைத் தயவுசெய்து பார்க்கவும். “கலந்தாலோசனைக்குப் பின், கிணற்றின் இடம் ஓடைக்கு மேற்கே எனத் திருத்தப்பட்டது” என்று தங்கள் அலுவலர் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். வராத ஒருத்தி கிணற்றை ஓடை தாண்டி நகர்த்தியிருக்கிறாள். கை தூக்கச் சொன்னபோது நான் வண்டியின் ஜன்னலுக்கு வெளியே வலக்கையை நீட்டி உயர்த்தினேன், எண்ணி முடிக்கும்வரை இறக்கவில்லை. ஈ ஓட்டுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

6. தங்கள் ஆகஸ்ட் 29 கடிதத்தில், நால்வர் மட்டுமே கலந்துகொண்டதால் கூட்டம் செல்லாது என்று கூறியுள்ளீர்கள். நால்வர் யார் என்று பார்த்தேன். மரத்தடியில் இருந்த மூவரும், போனில் இருந்த பெரியவரும். விதிப்புத்தகம் பக்கம் 11இல், தொலைபேசி வழியே கேட்டும் பேசியும் கலந்துகொள்பவர் வந்தவராகவே கருதப்படுவார் என்று இருக்கிறது. சரியான விதி, அதில் எனக்கு மறுப்பில்லை. இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால், யாரும் முகம் பாராமல், குரலை மட்டும் அனுப்பியவர் வந்தவர். இருபது அடியில், யாரும் முகம் பாராமல், குரலை மகளிடம் அனுப்பியவள் வராதவள். போன் ஒரு கருவி, என் மகள் ஒரு மனுஷி. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் இந்த விதிப்புத்தகத்தை எழுதியபோது, மாமியார் மருமகன் போல விலகி நடக்க வேண்டிய முறையினர் இருந்தால் ஒருவர் தள்ளி அமர்ந்து நடுவில் ஆள் வைத்துப் பேசுவதையும் அதில் சேர்க்கச் சொன்னோம். அப்போது வந்திருந்த வழக்கறிஞர், “அது நீங்க வழக்கமா செய்றதுதானே, அதையெல்லாம் எழுதணுமா?” என்று கேட்டார். நாங்களும் தலையாட்டினோம். மூச்சு விடுவதை யாராவது விதியாக எழுதுவார்களா என்று நினைத்தோம். இன்று அது எழுதப்படாததால் இல்லாததாகிவிட்டது.

7. அதே கடிதத்தில் ஒரு யோசனையும் உள்ளது. நான் அல்லது தலைவர், இருவரில் ஒருவர் பதவி விலகினால் எதிர்காலத்தில் இச்சிக்கல் எழாது என்பது அது. அந்த யோசனை எங்களுக்கும் வந்ததுதான். அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அன்றே ரோஸ்லினிடம், “நான் வேணாம்னு சொல்லிடுறேன், அவங்க இருக்கட்டும். அவங்களுக்குத்தான் நெலம் தெரியும்” என்று சொல்லி அனுப்பினார். நான், “எனக்கு நெலம் தெரியும், அவருக்குக் கடிதம் எழுதத் தெரியும். ரெண்டும் வேணும். பேசாம வேலையப் பாக்கச் சொல்லு” என்று சொல்லி அனுப்பினேன். மேலும், எங்கள் நாற்பத்தொரு பேரில் யாருக்கும் மாமியாராகவோ மருமகனாகவோ இல்லாதவர்களைத் தேடி இயக்குநராக்க வேண்டுமென்றால், தொட்டில் குழந்தைகள்தான் மிஞ்சும்.

8. மறுபடி ஒரு கூட்டம் கூட்டினால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பெரியவர் காலமாகி இன்று பதினான்கு நாட்கள் ஆகின்றன. துக்கம் முடிந்தது என்று அவர் குடும்பத்தார் சொல்லும்வரை நாங்கள் கூட்டம் கூட்ட மாட்டோம். அது செப்டம்பர் 30க்குள் முடியாது. அவர் மனைவி பேச்சை நிறுத்திவிட்டார், கையசைவில்தான் எல்லாம். ஸ்டான்லி தலையை மழித்துக்கொண்டு துக்கக் கூடாரத்தில் இருக்கிறார். இந்த நிலையில் சங்கத் தாள்களைத் தூக்கிக்கொண்டு அவர்கள் முன்னே போய் நிற்கும் ஆள் எங்களில் இல்லை, இருக்கவும் கூடாது.

இன்னொன்றும் உண்டு. ஆகஸ்ட் 14 அன்று போனில் அவர் சொன்ன ‘சரி’தான் சங்கத்தில் அவர் கடைசியாகச் சொன்ன சொல். எண்ணும்போது திரு. ஃபென்விக் அவர் பெயரைச் சொல்லி, “நீங்க?” என்று கேட்டார். அவர், “சரிதான் தம்பி. நூறு தடவை சரி. இந்த மெஷின்லேர்ந்து என்னைய அவுத்து விட்டா நடந்தே போயிடுவேன்” என்றார். புதிதாகக் கூட்டம் போட்டால் அந்தச் சரியை நாங்கள் எங்கே போய் வாங்குவது? அவரை மருத்துவமனைப் பிண அறையில் வைத்திருக்கிறோம். புதைக்க வேண்டியது வாலிங்காவில். உறவினர் இருநூறு பேர் வந்து தங்கி அழ வேண்டும், அத்தனை பேர் தங்குவதற்கு அங்கே தண்ணீர் இல்லை. கிணறு வரட்டும் என்று அவரையும் காத்திருக்க வைத்திருக்கிறோம்.

9. இந்தப் பத்திக்கும் என் கோரிக்கைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று தங்கள் அலுவலகம் கருதினால், இதைத் தாண்டிச் செல்லலாம். ஆனாலும் எழுதாமல் விட மனமில்லை.

வடக்கு முகாம் ஒன்பதாம் எண் வீட்டில் மூன்று அறைகள், ஒரு நடை, ஒரு வாசல். இறந்தவர் வீட்டில் தங்காத எங்கள் வழக்கப்படி, பெரியவர் இருந்த நான்காம் எண் வீட்டைக் காலி செய்ததால் இப்போது பத்தொன்பது பேர் இருக்கிறோம். வாலிங்காவாக இருந்தால் துக்க வீட்டை விட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் போய்க் கூரை போட்டுக்கொள்வோம். இங்கே வீட்டு அலுவலகம், “வேற வீடு இல்ல, வரிசையில இருங்க” என்கிறது. என் மருமகனும் நானும் இந்த ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். நான் நடையில் இருந்தால் அவர் அறையை விட்டு வெளியே வர முடியாது. ஆகவே அவர் ஜன்னல் வழியாக ஏறி இறங்குகிறார். சங்கத் தலைவர், நாற்பத்தாறு வயது, தங்கள் அலுவலகத்துக்கு வரும்போது இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறாரே, அவர்தான். ஒரு நாள் காலை போலீஸ் வண்டி வந்து நின்றது. யாரோ திருடன் என்று சொல்லிவிட்டார்கள். “என் வீடுதாங்க இது” என்று அவர் சொல்ல, “அப்ப ஏன் ஜன்னல் வழியா?” என்று போலீஸ்காரர் கேட்க, ரோஸ்லின் ஓடிப்போய் விளக்கினாள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அவரைப் பார்த்ததாக ஆகிவிடக் கூடாதே என்று கண்ணையும் மூடிக்கொண்டேன். அன்று அழுதேன். அவருக்காகவும் அழுதேன், எனக்காகவும் அழுதேன்.

வாலிங்காவில் அவர் வீடு ஓடைக்கு மேற்கே, என் வீடு கிழக்கே. அவர் தண்ணீருக்கு வரும் பாதை வேறு, என் பாதை வேறு. யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் மரியாதையாக விலகி நடக்க அங்கே இடம் இருந்தது. எனக்கு ஊர் வேண்டும் என்று சொல்லும்போது நான் கேட்பது அந்த இடத்தைத்தான்.

கூட்டத்தன்று மரத்தடியில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் நோக்கிப் பேசினார்கள். நான் மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததால், இரண்டு மணி நேரமும் என் கண்ணெதிரே ஊர் இருந்தது. என் வீட்டுக் கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் மணல் ஜன்னல் மட்டத்துக்கு ஏறியிருந்தது. பிள்ளைகள் ஃபுட்பால் ஆடும் திடலில் முள்புல் வளர்ந்து, கோல் கம்பம் மட்டும் நின்றது. பின்னால் சிவந்த குன்று, அதன் மேல் பருந்து ஒன்று, அதே இடத்தில் வட்டம் போட்டது. இறங்கிப் போய் அந்தக் கதவை நிமிர்த்தி வைத்துவிட்டு வரலாமா என்று எத்தனை முறை நினைத்தேன் தெரியுமா? கூட்டம் நடக்கும்போது இயக்குநர் எழுந்து போகக் கூடாது என்பதால் போகவில்லை. கூட்டம் முடிந்ததும், இருட்டுவதற்குள் மண் பாதையைத் தாண்ட வேண்டும் என்று கிளம்பிவிட்டோம். கதவு இன்னும் அப்படித்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

10. எனவே தங்களை நான் வேண்டிக்கொள்வது:

அ) ஆகஸ்ட் 14 கூட்டத்தின் வருகைப் பதிவில் என் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்பதை நீக்கி ‘வந்திருந்தார்’ எனத் திருத்த வேண்டும். ‘ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்’ என்பதையும் நீக்கினால் நன்றியுடையவளாவேன். ‘மூதாட்டி’யைத் தங்கள் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

ஆ) ஐவர் கூடி நிறைவேற்றிய தீர்மானம் செல்லும் என நீர்த்துறைக்குச் செப்டம்பர் 30க்குள் எழுத வேண்டும்.

இ) திருத்திய படி எங்களுக்கு வரும்போது பெரியவரின் பெயர் மீது ஒரு சிறு தாளை ஒட்டி அனுப்ப வேண்டும். அவர் மனைவியும் அந்தப் படியைப் பார்ப்பார்.

11. சாட்சியம் வேண்டும் என்று தங்கள் அலுவலகம் கேட்கும் என்று தெரியும். ஸ்டான்லி துக்கத்தில் இருக்கிறார், பெரியவரின் மனைவி பேசுவதில்லை, பெரியவரே இல்லை. ரோஸ்லின் இயக்குநர் அல்ல. மிஞ்சியிருப்பவர் தலைவர் ஒருவர்தான். அவரிடம் சாட்சியம் கேட்டு அனுப்புவதற்கு நான் தயங்கினேன். அவரால் என்ன சொல்ல முடியும்? என்னைப் பார்த்தேன் என்று அவர் சொல்ல மாட்டார், சொன்னால் அது பொய்யாக இருக்கும். ஆனால் நான் கேட்காமலேயே நேற்று ரோஸ்லின் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். என்னைப் பற்றியது என்பதால் தன் கையால் எழுதாமல், அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதி, அவர் கையெழுத்திட்டிருக்கிறார். அதை நான் வாசிக்கவில்லை. அதில் உள்ளதை ரோஸ்லின் வாயால் கேட்டு, அவள் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன். மூலத் தாள் இணைப்பாக உள்ளது.

“அவங்க அங்க இருந்தாங்க. நீங்க பாத்தீங்களான்னு கேட்டா, பாக்கல. ரெண்டு மணி நேரமும் நான் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பல. ஆரஞ்சு உருண்டு அந்தப் பக்கம் போச்சு, அதுக்குக்கூடத் திரும்பல. வீட்டுக்கு வந்து மூணு நாளு கழுத்துக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டியதாப் போச்சு. ஆளே இல்லாத பக்கத்துக்கு எந்த மனுஷன் சார் கழுத்த இப்படிப் பிடிச்சு வெச்சுக்குவான்?”

ஐயா, பதினோரு ஆண்டுகளில் என்னைப் பற்றி என் மருமகன் சொல்லி நான் கேட்டவற்றில் இதுவே மிக நீளமானது. இதை ஏற்று, என்னை வந்தவளாக எழுதி, எங்களை ஊருக்கு அனுப்பி வைக்குமாறு தங்களை மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: வடக்கு முகாம்
நாள்: 09.09.2016

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கியிருக்கும்,
(கையொப்பம்)
வில்மா நபனங்கா

இணைப்பு: சங்கத் தலைவரின் சாட்சியத் தாள் – 1